தீவுப் பள்ளிக்குப் புறப்படும் ஆங்கில ஆசிரியர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாலத்தீவின் தீவுப் பள்ளிகளில் 11 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, அங்கே புறப்பட இருப்பவர்களும், போய்ச் சேர்ந்து சில மாதங்களே ஆனவர்களும், அவர்களுடைய வீட்டாரும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே வேலைக்குப் போவது நெடுநாளாக நடந்து வருகிறது என்றாலும், முதன்முதலாகப் போகிறவருக்கு எல்லாமே புதிதுதான். கேட்டவர்கள் பெயரை வெளியிட விரும்பாததால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. எம்.ஏ., பி.எட். முடித்து, ஏழு ஆண்டுகளாக மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். மாலத்தீவின் வடக்கே ஹா தாலு அட்டோலில் (பவளத் தீவுக் கூட்டத்தில்) ஒரு தீவுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் புறப்பட வேண்டும். கணவரும் நான்கு வயது மகனும் இங்கேயே இருப்பார்கள். தமிழே தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவேன் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. எதை எடுத்துச் செல்வது, முதல் சில வாரங்களை எப்படிக் கடப்பது என்று சொல்லுங்கள் அம்மா.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அன்புள்ள மகளுக்கு, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அது பிள்ளைகளைப் பற்றியதைக் காட்டிலும் நம்மைப் பற்றியது என்பது எனக்கு அங்கே போன முதல் வாரத்தில்தான் புரிந்தது. மாலத்தீவில் ஆங்கில வழிக் கல்வி 1961ஆம் ஆண்டில் தலைநகர் மாலேயில் தொடங்கிப் பின்னர் தீவுகளுக்குப் பரவியது. இன்று அந்நாட்டு மொழியான திவேஹிப் பாடமும் இஸ்லாம் பாடமும் தவிர, பெரும்பாலான பாடங்களைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். ஆகவே கணக்கும் அறிவியலும் கூட நீங்கள் கற்றுக்கொடுக்கும் ஆங்கிலத்தை நம்பித்தான் இருக்கின்றன. பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியவர்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் புரியாவிட்டால் உடனே தமிழில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்ப் பழகியவர்கள் நாம்தான். அந்த வசதி அங்கே இல்லை. புறப்படுவதற்கு முன் நாள்தோறும் அரை மணி நேரம் கணவரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையோ உட்காரவைத்து, ஒரு தமிழ்ச் சொல்கூட வராமல், பொருளைக் காட்டியும் படம் வரைந்தும் நடித்தும் ஒரு சிறு பாடத்தை நடத்திப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் போய், பத்து நாள் வகுப்பில் திணறினேன்.

எடுத்துச் செல்வதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு சிறிய குக்கர், நாள்பட இருக்கும் பொடி வகைகள், மருத்துவர் எழுதிய சீட்டோடு மருந்துகள், அங்கே வழக்கத்தில் உள்ள சதுர முளைகொண்ட மூன்று முள் பிளக்குக்கு ஓர் அடாப்டர், வகுப்புக்காக நல்ல படப் புத்தகங்கள் சில இருந்தால் போதும். சேலையும் சுடிதாரும் அணியலாம். கை, கால், கழுத்து மறைக்கும் உடையாக இருக்கட்டும். மதுவும் பன்றி இறைச்சியும் வழிபாட்டுச் சிலைகளும் அந்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதவை. யாரோ கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சான்றிதழ்களின் மூலப்படிகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட வேண்டாம். அங்கே சென்றதும் மருத்துவப் பரிசோதனையும் வேலை அனுமதிக்கான பதிவும் நடக்கும், கல்விச் சான்றுகளைத் தகுதி ஆணையத்தில் மதிப்பிடக் கேட்பார்கள் என்பதால், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல்கள் உடன் இருப்பது நல்லது.

போய் இறங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருந்தாலும் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. நாட்டின் மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் மாலேயிலும் அதை ஒட்டிய பகுதியிலும் வாழ்கிறார்கள். அதனால் உங்கள் தீவு, நீங்கள் படங்களில் பார்த்த உல்லாச விடுதித் தீவும் அல்ல, நெரிசல் மிகுந்த மாலேயும் அல்ல. இருபது முப்பது நிமிடத்தில் நடந்து சுற்றிவிடக்கூடிய, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஓர் ஊர் அது. நீங்கள் படகிலிருந்து இறங்கிய அன்று மாலைக்குள், புது ஆங்கில மிஸ் வந்துவிட்டார் என்ற செய்தி கடைசி வீடு வரை போயிருக்கும். கடைக்காரரும் படகுத்துறையில் நிற்பவரும் உங்கள் மாணவர்களின் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார்கள். எதிர்ப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, அவர்கள் சலாம் சொன்னால் பதில் சொல்லி, முதல் வாரத்திலேயே மாலை வேளைகளில் தீவைச் சுற்றி நடந்து வாருங்கள். கடற்கரையில் கயிறு பின்னிய இருக்கைகளில் பெண்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அழைத்தால் போய் உட்காருங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஓராண்டு பேசினாலும் கிடைக்காத நெருக்கம் அங்கே ஒரு மாலையில் கிடைத்துவிடும்.

வேலை நாட்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதைக்கூடத் தவிர்க்க வேண்டும்; உணவகங்களும் பகலில் திறப்பதில்லை.

கேள்வி: தெற்கே ஹுவாது அட்டோலில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நான்கு மாதங்கள் ஆகின்றன. மாணவர்கள் தங்களுக்குள் திவேஹியில் பேசிச் சிரிக்கிறார்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. லீடிங் டீச்சர் (பாடத்துக்குப் பொறுப்பான மூத்த ஆசிரியர்) வகுப்பைப் பார்வையிட்டுவிட்டு, நான்தான் அதிகம் பேசுகிறேன் என்று எழுதிவிட்டார். என் உச்சரிப்பு புரியவில்லை என்று ஒரு தாயார் பள்ளியில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். 14 ஆண்டுகள் அனுபவம் உள்ள எனக்கு இது பெரிய அவமானமாக இருக்கிறது.
– வாசகர், சொந்த ஊர் திண்டுக்கல்

பதில்: ஐயா, அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் கைவிட்டால்தான் மற்றவற்றைச் சரிசெய்ய முடியும். அந்தத் தாயார் சொன்னதைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். திவேஹி மொழியில் பழைய ‘ப’ ஒலி ‘ஃப’வாக மாறிவிட்டது. சிங்களத்தில் புத்தகத்தைக் குறிக்கும் ‘பொத’ அங்கே ‘ஃபொய்’ ஆகிறது. தண்ணீர் ‘ஃபென்’; ஐந்து ‘ஃபஹே’. ஆக ‘ஃப’ என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த ஒலி. நமக்கோ அது வரவழைத்துக்கொள்ளும் ஒலி. வேகமாகப் பேசும்போது ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகிவிடும். ‘ஃபாத்திமத்’ என்ற மாணவியை நாள்தோறும் ‘பாத்திமத்’ என்று கூப்பிட்டால், அந்தப் பெண் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் வீட்டில் சொல்வாள். ‘ஸ’, ‘ஷ’, ‘ஜ’, ‘ஃஜ’ ஆகியவற்றிலும் அவர்கள் காது கூர்மையானது. மாணவர் பட்டியலை ஒரு திவேஹி ஆசிரியரிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் அவரைச் சொல்லச் சொல்லி, கைப்பேசியில் பதிவுசெய்து, ஒரு வாரம் பழகுங்கள். முகம்மது, அகமது, ஆயிஷத், மரியம் என்று ஒரே வகுப்பில் ஒரே பெயர் மூன்று பேருக்கு இருக்கும். அவர்கள் இரண்டாம் பெயராலோ செல்லப் பெயராலோதான் அழைக்கப்படுவார்கள். அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் வகுப்பு அமைதியானதற்குப் பெயரைச் சரியாகச் சொன்னது முதல் காரணம்.

இரண்டாவதாக, அவர்கள் மொழியை நீங்கள் கற்கத் தொடங்குங்கள். இதை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை; ஆங்கில ஆசிரியருக்கு அங்கே இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். திவேஹி எழுத்துக்குத் தானா என்று பெயர். 24 எழுத்துகள்தான். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உயிர்க்குறிகள் எழுத்தின் மேலும் கீழும் வரும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பில், இரண்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிட்டேன். அதன் பலன் உடனே தெரிந்தது. ஒரு மாணவன் ஒரு நோட்டுப் புத்தகத்தை முன்னிருந்தும் இன்னொன்றைப் பின்னிருந்தும் திறந்து எழுத வேண்டியிருக்கிறது என்பதும், சிறு வகுப்புகளில் ஆங்கிலம் எழுதும்போது கை எந்தப் பக்கம் போவதென்று ஒரு நொடி தயங்குவதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன.

இலக்கணத்திலும் அப்படித்தான். திவேஹியில் வினைச்சொல், தமிழைப் போலவே, வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘ஐ டு த ஷாப் வென்ட்’ என்று உங்கள் மாணவன் எழுதினால், அது ‘நான் கடைக்குப் போனேன்’ என்று நம் பிள்ளை நினைத்து எழுதுவதற்குச் சமம். இந்தத் தவற்றின் வேர், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆசிரியரைவிடத் தமிழ் ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். ‘ஒரு’ என்பதை நாம் பெயருக்கு முன் வைப்போம். அவர்கள் பெயருக்குப் பின் ஒட்டுவார்கள். ‘மஸ்’ என்றால் மீன், ‘மஹெ’ என்றால் ஒரு மீன். நம் மாசிக் கருவாடு மாலத்தீவுச் சூரைமீன் என்பதை நினைத்தால் அந்தச் சொல் மறக்காது. ஆகவே ‘எ’, ‘த’ ஆகியவற்றை அவர்கள் விட்டுவிட்டு எழுதுவதற்குக் கவனக்குறைவு காரணமல்ல. பலகையில் திவேஹி வாக்கியத்தை ஒரு மாணவனை எழுதவைத்து, அதன் கீழே ஆங்கில வாக்கியத்தை எழுதி, எந்தச் சொல் எங்கே நகர்ந்தது என்று அவர்களையே அம்புக்குறி போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் நான் இதைச் செய்த அன்றுதான் கடைசி வரிசையில் இருந்தவர்கள் முதன்முறையாக எழுந்து பலகைக்கு வந்தார்கள். அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உரிமையில் என்னிடம் கேட்கவும் தொடங்கினார்கள். ‘அட்டோல்’ என்னும் சொல் திவேஹியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நாம் படிக்கும் மொழிக்குள் நம் சொல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வரும் மகிழ்ச்சியை நேரில் பார்த்திருக்கிறேன். தெற்கு அட்டோல்களின் பேச்சு, மாலேப் பேச்சிலிருந்து வெகுவாக வேறுபடும். ஆகவே அகராதியில் படித்ததை விட்டுவிட்டு உங்கள் மாணவர்கள் சொல்வதையே எழுதிக்கொள்ளுங்கள்.

லீடிங் டீச்சர் எழுதியதைப் பற்றி வருந்தாதீர்கள். அவர் சொன்னது சரி. நம் ஊரில் எழுத்துத் தேர்வே பெரிது என்பதால், ஆசிரியர் விளக்க, பிள்ளைகள் எழுதிக்கொள்ளும் முறையில் நாம் வளர்ந்தோம். அங்கே பத்தாம் வகுப்பின் இறுதியில் மாணவர்கள் எழுதுவது கேம்பிரிட்ஜ் தேர்வு. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிப்பவர்களுக்கான அத்தேர்வில் கேட்டலும் பேசுதலும் சோதிக்கப்படுகின்றன. ஆசிரியர் 35 நிமிடம் பேசும் வகுப்பில் மாணவன் பேசுவதற்கு எங்கே போவான்? சிறு தீவுகளில் ஒரு வகுப்பில் 10, 15 பேர்தான் இருப்பார்கள் என்பதால், ஒவ்வொருவரும் ஒரு பாட வேளையில் இரண்டு முறையாவது பேசும்படி திட்டமிட முடியும். நாற்பது, ஐம்பது பேரை வைத்து நடத்திய நமக்கு அது எத்தனை பெரிய வாய்ப்பு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபத்தில் கை ஓங்குவதோ காதைத் திருகுவதோ அறவே கூடாது. 2019ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அவர்கள் வளரும் முறையிலேயே பெரியவர்களிடம் அச்சம் குறைவு. அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு வேலையை விட்டுத் திரும்பிய நல்ல ஆசிரியர் இருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: மாலத்தீவு பள்ளிவேலைக்கு ஒரு முகவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார். இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் போய்விட்டு, அங்கே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நம்பக் கூடாது. சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலை பார்ப்பது அங்கே சட்டமீறல். பிடிபட்டால் நாடு கடத்தப்படுபவர் நீங்கள்தான், முகவர் அல்ல. புறப்படும் முன் வேலை அனுமதிக்கான ஒப்புதலும் எழுத்து வடிவிலான ஒப்பந்தமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மாலத்தீவின் 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். தகுதிகாண் காலம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டு முடிந்ததும் 30 நாள் ஊதிய விடுப்பு உண்டு. இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, ஊருக்கு வந்துபோகும் விமானச் சீட்டு ஆகியவற்றை யார் தருவது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக உறுதியளிக்கப்பட்ட வீட்டு வாடகை, என் முதல் பணியிடத்தில் ஆறு மாதம் என் சம்பளத்திலிருந்தே போயிற்று.

கேள்வி: சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புவதில் சிக்கல் என்கிறார்களே, உண்மையா? டியூஷன் எடுத்து ஈடுகட்டலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: உண்மைதான். சம்பளம் அந்நாட்டு நாணயமான ரூஃபியாவில் வரும். 2011 முதல் அரசு வைத்திருக்கும் வரம்புப்படி ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அலுவல்முறை விலை. ஆனால் நாட்டில் டாலர் தட்டுப்பாடு இருப்பதால், அந்த விலையில் ஒருவர் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு வங்கிகள் உச்சவரம்பு வைக்கின்றன. அந்த வரம்பு அவ்வப்போது மாறுகிறது, அண்மைக் காலத்தில் வெகுவாகக் குறைக்கவும்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அங்கே இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள்: போன மாதம் நீங்கள் எவ்வளவு அனுப்ப முடிந்தது? மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். வெளிச்சந்தையில் டாலர் வாங்கி யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பும் வழியைத் தேட வேண்டாம். சட்டச் சிக்கலோடு பணமும் போகும். டியூஷனைப் பொறுத்தவரை, உங்கள் அனுமதி ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே உரியது. பெற்றோர் அன்போடு கேட்பார்கள், மறுப்பது கடினம். ஆனாலும் எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம், ஆனால் நீங்களே சமைக்க வேண்டும். அரிசி, பருப்பு, கோதுமை மாவு, தேங்காய், வாழைப்பழம் கிடைக்கும். காய்கறிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து மாலேக்கு வந்து, அங்கிருந்து சரக்குப் படகில் தீவுக்கு வருபவை. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் படகு நாள் தள்ளிப்போகும். அப்போது வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் துணை. வெளியே சாப்பிடும்போது, மீன் கண்ணுக்குத் தெரியாத பலகாரத்திலும் சூரைமீன் தூள் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

கேள்வி: என் மனைவி அட்டோல் பள்ளியொன்றில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பேசும்போதெல்லாம் அழுகிறாள். பூசை அறை இல்லை, பொங்கல் இல்லை, பேச ஆள் இல்லை என்கிறாள். திரும்பி வரச் சொல்லிவிடலாமா? குழந்தைக்கு ஐந்து வயது.
– வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள், அதேபோல், எப்படியாவது இரு என்று கட்டாயப்படுத்தவும் செய்யாதீர்கள். இரண்டாம், மூன்றாம் மாதங்கள்தான் மிகக் கடினமானவை. முதல் மாதத்தில் புதுமை தாங்கிப் பிடிக்கிறது. அது தேய்ந்த பிறகு, பேச்சும் பழக்கமும் வருவதற்கு முன்பு, ஒரு வெறுமை வருகிறது. எனக்கும் வந்தது. மாலை ஆறு மணிக்குப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலிக்கும் நேரத்தில் ஊர் நினைவு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பிற சமய வழிபாட்டைப் பொது இடத்தில் நடத்த அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. தன் அறைக்குள் அமைதியாக இறைவனை நினைப்பதை யாரும் தடுப்பதில்லை. விளக்கும் படமும் இல்லாமல் மனத்துக்குள் பதிகம் சொல்லிக்கொள்வது தொடக்கத்தில் குறையாகத் தோன்றினாலும் நாளடைவில் பழகிவிடும். பொங்கலன்று வேலை நாளாக இருந்தாலும், மாலையில் அத்தீவில் உள்ள மற்ற இந்திய, இலங்கை ஆசிரியர்களோடு சேர்ந்து சர்க்கரைப் பொங்கல் வைத்து, அண்டை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வராது என்பது நான் 11 ஆண்டு கண்டது.

நீங்கள் செய்ய வேண்டியது, பேசும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது. நாள் முழுவதும் விட்டுவிட்டு வரும் அழைப்புகள் அவரைத் தீவில் கால் ஊன்ற விடாது. மாலத்தீவு நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. குழந்தை இங்கே இரவு எட்டரை மணிக்குப் படுக்கப் போகும்போது அங்கே எட்டு மணிதான். மறுநாள் பாடத்துக்குத் தயார்செய்து முடித்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும் நேரம். அந்த ஒரு வேளையை நிலையாக வைத்துக்கொண்டு, அழைப்பின் முதல் பத்து நிமிடத்தைக் குழந்தைக்கே விட்டுவிடுங்கள். அவர் ஒரு கதை படித்துக் காட்டட்டும். பள்ளியில் இரண்டாம் பருவம் முடியும் வரை இப்படிச் செய்து பார்த்துவிட்டு, அப்போதும் அழுகை நிற்கவில்லை என்றால், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, முறைப்படி கடிதம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரட்டும்.